‘எ’ போடுவதா, ‘ஆன்’ போடுவதா?

வாசகர் கேள்வி: 3 ஆகஸ்ட் 2023

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஆங்கிலத் தேர்வில், ‘மை பிரதர் ஸ்டடீஸ் இன் எ யூனிவர்சிட்டி’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் ‘எ’ என்பதைச் சுழித்து, மேலே ‘ஆன்’ என்று எழுதி, அரை மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார். ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துகளில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஆன்’ வரும் என்றுதான் நானும் படித்தேன். மகளோ அது காதுக்குப் பொருந்தவில்லை என்கிறாள். யார் சொல்வது சரி?

3 ஆகஸ்ட், இரவு

மகள் சொல்வது சரி. அரை மதிப்பெண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

4 ஆகஸ்ட்

காரணம் கேட்டுச் சிலர் எழுதியிருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். நான் அச்சகத்தில் ஆங்கிலப் புரூஃப் பார்ப்பவன். இந்த ஓர் எழுத்தோடு நாள்தோறும் மல்லுக்கட்டுபவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

ஐந்து எழுத்து விதி என்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வசதியான பாதி உண்மை. ‘எ’ வருமா, ‘ஆன்’ வருமா என்பதை அடுத்த சொல்லின் முதல் ஒலி தீர்மானிக்கிறது. முதல் எழுத்துக்கு அதில் வாக்குரிமை கிடையாது. உயிரொலி வந்தால் ‘ஆன்’, மெய்யொலி வந்தால் ‘எ’. பெரும்பாலான சொற்களில் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போவதால் ஐந்து எழுத்து விதி பிழைத்துக்கொண்டிருக்கிறது. யூனிவர்சிட்டி, யூனிஃபார்ம், யூரோப்பியன் போன்ற சொற்கள் வரும்போது அது மாட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் அந்த ஐந்தாம் எழுத்தின் பெயரே ‘யூ’ என்று மெய்யொலியில் தொடங்குகிறது. பெயரைச் சொல்லும்போதே விதி உடைவதை நம் வகுப்பறைகளில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தமிழருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஐயம் வரும்போது அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதலில் நிற்பது உயிரெழுத்தானால் ‘ஆன்’, உயிர்மெய்யானால் ‘எ’. அம்பர்லா: ‘அ’ நிற்கிறது, ஆகவே ஆன் அம்பர்லா. யூனிவர்சிட்டி: ‘யூ’ நிற்கிறது, ஆகவே எ யூனிவர்சிட்டி. ஆனஸ்ட் மேன் என்று எழுதும்போது ஆங்கிலத்தில் முன்னால் நின்ற ‘எச்’ காணாமற்போய்விடுகிறது. ஆகவே ஆன் ஆனஸ்ட் மேன். மணிநேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல்லும் அப்படியே. ‘ஆன் அவர்’ என்று தமிழில் எழுதினால் யாரோ ஒரு பெரியவரைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

4 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

ஒன்றைச் சேர்க்க வேண்டும். பார்க்க வேண்டியது ஆர்ட்டிகிளை, அதாவது ‘எ’ அல்லது ‘ஆன்’ என்பதை, ஒட்டி நிற்கும் சொல்லையே. பெயர்ச்சொல் எங்கோ பின்னால் வந்தால் அதற்கு இதில் வேலையில்லை. எ யூனிவர்சிட்டி, நடுவில் ‘ஓல்டு’ வந்தால் ஆன் ஓல்டு யூனிவர்சிட்டி. ஆன் அம்பர்லா; நடுவில் ‘பிளாக்’ வந்தால் எ பிளாக் அம்பர்லா. ஓர் ஊர், ஒரு பெரிய ஊர் என்று எழுதுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

6 ஆகஸ்ட்

என் வழி ‘ஒன்’ என்ற சொல்லில் தோற்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ‘ஒன்வே’ என்றுதான் நாம் தமிழில் எழுதுகிறோம், ‘ஒ’ உயிரெழுத்து, அப்படியானால் ‘ஆன் ஒன்வே’ என்று வர வேண்டும். ஆனால் சரியானது எ ஒன்வே ஸ்ட்ரீட்தான். ஆங்கிலேயர் வாயில் அந்தச் சொல் ‘வ’கரத்துக்கு நெருங்கிய ஒலியில் தொடங்குகிறது. தமிழில் அதை ‘வன்’ என்று எழுதியிருந்தால் குழப்பமே இல்லை. ‘ஒன்’ என்று எழுதும் பழக்கம் வேரூன்றிவிட்டது. ‘ஆன் ஒன் ருப்பீ காயின்’ என்ற பிழை நம் ஊர் வினாத்தாள்களில் அடிக்கடி தலைகாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ‘ஒன்’, ‘ஒன்ஸ்’ என்று தொடங்கும் சில சொற்களுக்கு மட்டும் இந்த விலக்கை நினைவில் வைத்தால் போதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ‘ஒன்று’ என்பதையே நாம் பேச்சில் ‘வொண்ணு’ என்றுதான் சொல்கிறோம். ‘எல்லாம்’ என்பதும் ‘யெல்லாம்’ என்றே ஒலிக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் வரும் ஒகரத்துக்கு முன் மெல்லிய வகரத்தையும், எகரத்துக்கு முன் மெல்லிய யகரத்தையும் நம் நாக்கு தானாகவே ஒட்டிவிடுகிறது. ஆகவே ‘எம்.எல்.ஏ.’ என்பதைப் பலர் ‘யெம்மெல்லே’ என்று சொல்வதை வைத்துக்கொண்டு ‘எ எம்.எல்.ஏ.’ என்று எழுதக் கூடாது. காதைக் கேட்க வேண்டும் என்று நான் சொன்னது ஆங்கிலம் பேசுபவரின் காதை; சந்தைக்கடையில் நிற்கும் நம் காதை அன்று.

ஓட்டல் என்று எழுதுவதா, ஹோட்டல் என்று எழுதுவதா என்று அடுத்த ஆள் கேட்கப்போகிறார் என்று தெரியும். அதற்குத் தனியாக வருகிறேன். அங்கே ஆங்கிலேயரே இரு கட்சியாகப் பிரிந்து நின்றவர்கள்.

6 ஆகஸ்ட், இரவு

ஒரே எழுத்துக்கோவை, இரண்டு ஆர்ட்டிகிள்: தொழிற்சங்கத்தில் சேர்ந்த தொழிலாளி ‘எ யூனியனைஸ்டு வொர்க்கர்’. அயனியாகாத அணு ‘ஆன் அன்அயனைஸ்டு ஆட்டம்’. நடுவில் இணைப்புக்கோடு போடாவிட்டால் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. படிப்பவர் வேதியியல்காரரா, தொழிற்சங்கக்காரரா என்பதை அந்தச் சொல்லை அவர் வாசிக்கும் விதத்தில் கண்டுகொள்ளலாம் என்பது பழைய வேடிக்கை. ஐந்து எழுத்து விதியை வைத்துக்கொண்டு இதற்கு விடை எழுத முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

9 ஆகஸ்ட்

சுருக்கெழுத்துகளைப் பற்றி இதுவரை யாரும் கேட்கவில்லை. எங்கள் அச்சகத்தில் பாதித் தகராறு அவற்றால்தான் வருகிறது. கல்யாணப் பயோடேட்டாவில் தொடங்கி வழக்கறிஞர் நோட்டீஸ் வரை ‘எ எம்.பி.பி.எஸ். டாக்டர்’, ‘எ எஃப்.ஐ.ஆர்.’, ‘எ எல்.ஐ.சி. ஏஜென்ட்’ என்றே வந்து சேரும். எம், எஃப், எல் ஆகியவை மெய்யெழுத்துகள் என்று பிடிவாதம் பிடிப்பார்கள். எழுத்து மெய்தான், அதன் பெயரைச் சொல்லும்போது வாய் உயிரில் தொடங்குகிறதே. எஃப், எச், எல், எம், என், ஆர், எஸ், எக்ஸ் என்ற எட்டு மெய்யெழுத்துகளின் பெயரும் உயிரொலியில்தான் தொடங்குகின்றன. ஆகவே ஆன் எக்ஸ்ரே, ஆன் எஸ்.எம்.எஸ்., ஆன் ஆர்.டி.ஓ., ஆன் என்.ஆர்.ஐ. என்று வரும். மாறாக எ யூ.பி.ஐ. பேமென்ட், எ யூ.பி.எஸ்., எ யூ டர்ன். மாப்பிள்ளை எம்.இ. படித்தவரானால் ‘ஆன்’, பி.இ. படித்தவரானால் ‘எ’, பெண் வீட்டார் அதைப் பார்த்து முடிவெடுப்பதில்லை என்பது வேறு விஷயம்.

எழுத்து எழுத்தாக வாசிப்பதா, ஒரே சொல்லாக வாசிப்பதா என்பதையும் பார்க்க வேண்டும். என்.ஜி.ஓ. என்று பிரித்துச் சொல்கிறோம், ஆகவே ‘ஆன்’. நாசா, நேட்டோ என்று சேர்த்துச் சொல்கிறோம். ஆகவே ‘எ நாசா சயின்டிஸ்ட்’. இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றே. மிஸ்டர் என்பதன் சுருக்கமும் மருத்துவ விற்பனைப் பிரதிநிதியைக் குறிக்கும் எம்.ஆர். என்பதும் தாளில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். முன்னதற்கு ‘எ’, பின்னதற்கு ‘ஆன்’. தட்டச்சுச் செய்பவர் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் கலந்து அடித்துவிட்டால், ‘ஆன் மிஸ்டர் வந்தார்’ என்று அச்சாகி நிற்கும். அப்படி ஒன்று என் கண்ணில் பட்டு, அச்சுக்குப் போகுமுன் பிடித்தும் இருக்கிறேன்.

12 ஆகஸ்ட்

‘எ’ தான் மூலச்சொல், உயிருக்கு முன் ஒரு ‘ன்’ சேர்த்துக்கொள்கிறார்கள், நம் உடம்படுமெய் போல, என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒப்பீடு அழகாக இருக்கிறது. நடந்த வரலாறு நேர்மாறானது. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்பது ஒன்று என்ற எண்ணின் பெயர். அந்த எண்ணுப்பெயர் வலுக்குறைந்து ஆர்ட்டிகிளாக மாறியது. பிறகு, இடைக்கால ஆங்கிலத்தில், மெய்யொலிக்கு முன் அதன் இறுதி னகரம் மெல்ல மெல்ல உதிர்ந்தது. உயிரொலிக்கு முன் மட்டும் அது தங்கிவிட்டது. நிலைமொழி இகர, ஈகார, ஐகாரத்தில் முடிந்தால் யகரமும் பிற உயிர்களில் முடிந்தால் வகரமும் இடையில் வரும் என்று நன்னூல் சொல்வது புதிதாக வந்து சேரும் மெய்யைப் பற்றியது. ஆங்கிலத்தில் நிற்பது பழைய மெய். போகாமல் நின்ற மிச்சம்.

ஆகவே விதியைத் திருப்பிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கும் என்பது என் கருத்து. சொல் ‘ஆன்’தான், மெய்யொலி வந்து முட்டும்போது அதன் னகரம் விழுந்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள். விழவேண்டிய காரணம் இருக்கிறதா என்று தேடுவதற்குக் காது தேவைப்படும். ஐந்து எழுத்துகளைக் கண்ணால் தேடும் பழக்கம் தானாகப் போய்விடும்.

உண்மையான இணை நம் ‘ஒரு’, ‘ஓர்’ இரண்டுமே. அவையும் ஒன்று என்ற எண்ணிலிருந்து வந்தவை; அவையும் அடுத்து வரும் ஒலியைப் பார்த்து உருமாறுபவை. ஒன்று, இரண்டு என்னும் முதல் இரு எண்களின் முன் உயிர் வரும்போது உகரம் கெட்டு, முதலெழுத்து நீளும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. ஒரு என்பது ஓர் ஆகும். இரு என்பது ஈர் ஆகும். ஆனால் நாம் பேச்சில் ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று தொடங்கிவிடுகிறோம். எந்தப் பாட்டியையும் யாரும் திருத்தியதில்லை. பள்ளி ஆங்கிலத்தில் ‘எ ஆப்பிள்’ என்று சொன்னால் மட்டும் தலையில் குட்டு விழும். லண்டன் இளைஞர்களின் பேச்சில் இன்று ‘எ ஆப்பிள்’ தாராளமாகக் கேட்கிறது என்பதைக் குட்டு வாங்கியவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லி வைக்கிறேன், தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

13 ஆகஸ்ட்

னகரம் எந்தச் சொல்லுக்குச் சொந்தம் என்பதில் ஆங்கிலேயர் ஒரு காலத்தில் தடுமாறியிருக்கிறார்கள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு நான் தரும் சான்று அம்பயர். அந்தச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது ‘ந’கரத்தில் தொடங்கியது. இணையில் சேராத மூன்றாம் ஆள் என்பது அதன் பொருள். ‘எ நம்பயர்’ என்பதுபோல ஒலித்தது, சேர்த்துச் சொல்லும்போது ‘ஆன் அம்பயர்’ என்று பிரிக்கப்பட்டுவிட்டது. சமையற்கட்டில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனும் முன்பு ‘நேப்ரன்’தான். விரியன் இனப் பாம்பான ‘ஆடர்’ என்பதும் அப்படியே நகரத்தை இழந்தது. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: பட்டப்பெயரைக் குறிக்கும் ‘நிக்நேம்’ முன்பு ‘ஈக்நேம்’, ஆர்ட்டிகிளின் னகரத்தைத் திருடிக்கொண்டது.

13 ஆகஸ்ட், இரவு

ஆரஞ்சும் இந்தப் பட்டியலில் சேரும், நம் நாரத்தையிலிருந்து போன சொல், ஆங்கிலேயர் நகரத்தை விழுங்கிவிட்டார்கள் என்று இரண்டு பேர் உற்சாகமாக எழுதியிருக்கிறார்கள். பாதியை ஏற்கிறேன். வடமொழி நாரங்க, பாரசீக நாரங், அரபு நாரஞ் என்ற வரிசைக்குத் திராவிட மூலத்தைச் சொல்லும் அறிஞர்கள் உண்டு. ஸ்பானிய மொழியில் இன்றும் நகரம் போகாமல் ‘நாரங்ஹா’ என்றே இருக்கிறது. ஆனால் நகரம் விழுந்தது ஆங்கிலத்துக்கு வருமுன்பே. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் அதை வாங்கும்போதே அது ‘ஓரஞ்ச்’ ஆகிவிட்டது. ஆங்கிலேயர் மேல் எவ்வளவோ பழி இருக்கிறது. இதை அவர்கள் கணக்கில் எழுத வேண்டாம்.

17 ஆகஸ்ட்

முதல் கேள்வியைக் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். ஆசிரியரிடம் பேசியதாகவும், பழைய ஆங்கில நூல்களில் ‘ஆன் யூனிவர்சிட்டி’ போன்ற வழக்கு இருக்கிறது என்று அவர் பதில் சொன்னதாகவும் சொல்கிறார். ஆசிரியரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்; அவர் சொன்னதில் பொருள் இருக்கிறது.

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் 1787இல் எழுதப்பட்டது. அதன் முதல் பிரிவின் எட்டாம் உட்பிரிவில், குடியுரிமை வழங்கும் விதியைப் பற்றி வரும் இடத்தில், ‘ஆன் யூனிஃபார்ம் ரூல்’ என்றே இருக்கிறது. எழுத்துப் பிழை அன்று, அக்கால வழக்கு. அந்த ‘யூ’ ஒலி முற்காலத்தில் ‘இயு’ என்பதுபோல உயிரில் தொடங்கியது. பின்னர் ஒலி மெய்யாக மாறிய பிறகும் எழுதுவோர் பழைய ‘ஆன்’ஐ விடாமல் நெடுங்காலம் வைத்திருந்தார்கள்.

இனி நம் அரசமைப்புச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950இல் நடைமுறைக்கு வந்த அதன் 44ஆம் பிரிவு, பொது சிவில் சட்டத்தைப் பற்றியது. அங்கே ‘எ யூனிஃபார்ம் சிவில் கோட்’ என்று இருக்கிறது. முதல் பிரிவிலேயே இந்தியா ‘எ யூனியன் ஆஃப் ஸ்டேட்ஸ்’. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசமைப்பின் இரண்டாம் பிரிவில் ‘எ யூனிட்டரி ஸ்டேட்’. அந்தச் சொற்களின் அரசியலைப் பற்றி ஆயுள் முழுவதும் சண்டை போடலாம். ஆர்ட்டிகிளைப் பற்றிச் சண்டை இல்லை.

ஆகவே ஆசிரியருக்கு என் பதில் இது: உங்கள் மாணவி பதினெட்டாம் நூற்றாண்டில் தேர்வு எழுதியிருந்தால் உங்கள் திருத்தத்துக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும்.

18 ஆகஸ்ட்

மேலே உள்ள கடைசி வரி கடுமையாக இருப்பதாக ஒருவர் வருந்தியிருக்கிறார். மாணவியின் அரை மதிப்பெண் திரும்பி வந்ததும் மென்மையாக்குகிறேன்.

20 ஆகஸ்ட்

ஹோட்டல் விவகாரத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் முதலெழுத்தாக ‘எச்’ எழுதப்பட்டும் ஒலிக்காத சொற்கள் மிகக் குறைவு: மணிநேரம், நேர்மை, மரியாதை, வாரிசு ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சொற்களும் அவற்றின் குடும்பமும். ஆன் அவர், ஆன் ஆனஸ்ட், ஆன் ஆனர், ஆன் ஏர். நான்காவதை வாயுவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒலி அதேதான், சொத்து இதற்குத்தான் வரும். அமெரிக்கர்கள் ஐந்தாவதாக மூலிகையையும் சேர்த்துக்கொள்கிறார்கள்: அவர்களுக்கு ‘ஆன் எர்ப்’, ஆங்கிலேயருக்கு ‘எ ஹெர்ப்’. மூலிகைத் தேநீர் ஏற்றுமதி செய்யும் ஒருவருக்குப் பொட்டலத்தின் எழுத்துகளைப் பார்த்துக் கொடுத்தபோது, சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்ட்டிகிளைப் போட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம், முதல் வசனத்தைப் பாருங்கள். கட்டடத்துக்கு ‘எ பில்டிங்’ என்றும் அதை ஒட்டியே வீட்டுக்கு ‘ஆன் ஹவுஸ்’ என்றும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. அன்று ஹகரத்தின் முன்பும் ‘ஆன்’ போடுவது வழக்கமாக இருந்தது. அது தேய்ந்து தேய்ந்து, அசையழுத்தம் முதலில் விழாத சொற்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. ‘ஆன் ஹிஸ்டாரிக்கல்’, ‘ஆன் ஹோட்டல்’ என்பவை அந்த மிச்சம். ஹோட்டல் பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அங்கே ஹகரம் ஒலிப்பதில்லை. ஹகரத்தைத் தெளிவாக ஒலிக்கத் தொடங்கிவிட்ட பிறகு இந்த வழக்கு வெறும் புலமைக் காட்டல் என்று ஃபவுலர் என்ற ஆங்கிலேய அகராதியாசிரியர் தம் 1926ஆம் ஆண்டு ஆங்கில வழக்கு அகராதியில் முடிவு சொல்லிவிட்டார். அதன் பிறகும் ‘ஆன் ஹிஸ்டாரிக்’ என்று மேடையில் பேசுபவர்கள் இருக்கிறார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன். ஹகரத்தை அழுத்தி ஒலித்துக்கொண்டே ‘ஆன்’ போடுவதை மட்டும் என் காது ஏற்பதில்லை.

ஓட்டல் என்று சொல்லும் நம்மவர் ‘ஆன் ஓட்டல்’ என்றால், பாவம், அவர் வாயளவில் சரியாகவே சொல்கிறார். எழுதும்போது ‘எ’ போட்டுவிடுங்கள்.

24 ஆகஸ்ட்

எண்கள். இலக்கத்தில் உயிரும் இல்லை, மெய்யும் இல்லை, வாசித்தால்தான் தெரியும். எயிட், எயிட்டீன், எயிட்டி, இலெவன் ஆகியவை உயிரில் தொடங்குகின்றன. எனவே 8, 11, 18, 80, 800 ஆகியவற்றுக்கு முன் ‘ஆன்’. 8 ஜிபி ரேம், 11 பேர் கொண்ட அணி, 18 வயது இளைஞர், 80 பக்க நோட்டு, 1857ஆம் ஆண்டுக் கடிதம்: எல்லாவற்றுக்கும் ‘ஆன்’. நூறு, ஆயிரம், இலட்சம் ஆகியவற்றுக்கு முன்னால் ‘ஒன்’ என்று வாசிப்பதால் ‘எ’.

நம் நாட்டுக்கே உரிய சிக்கல் ரூபாய்க் குறி. ₹800 கோடித் திட்டம் என்று எழுதும்போது குறி முன்னால் நிற்கிறது; வாசிக்கும்போது ‘எயிட் ஹண்ட்ரட் குரோர் ருப்பீ’ என்று எண்தான் முதலில் வருகிறது. ஆகவே ‘ஆன் ₹800 கோடி’, ‘எ ₹500 நோட்டு’. குறியைப் பார்த்துவிட்டு எல்லாவற்றுக்கும் ‘எ’ போடும் பழக்கம் செய்தித்தாள்களிலும் தென்படுகிறது.

2 செப்டம்பர்

கடைசியாக வந்த கேள்வி, தலைமையாசிரியரைக் குறிக்கும் எச்.எம். என்பதற்கு என்ன போடுவது என்பது. அந்த எழுத்தின் பெயரை ‘எச்’ என்பவருக்கு ‘ஆன்’, ‘ஹெச்’ என்பவருக்கு ‘எ’. அயர்லாந்திலும் பலர் ‘ஹெச்’ என்றே சொல்கிறார்கள். நாம் தனியாக இல்லை. ஆனால் அகராதிகள் முதலில் தரும் உச்சரிப்பு ‘எச்’ என்பதால், அச்சில் நான் ‘ஆன் எச்.எம்.டி. வாட்ச்’, ‘ஆன் எச்.ஐ.வி. டெஸ்ட்’ என்றே விடுகிறேன்.

பணிநிறைவு விழா மலர் ஒன்றில் தம்மை ‘எ ஹெச்.எம்.’ என்றே போட வேண்டும் என்று ஒரு தலைமையாசிரியர் விடாப்பிடியாக நின்றார். முப்பது ஆண்டாகப் பிள்ளைகள் தம்மை ஹெச்.எம். என்றே அழைத்தார்கள் என்பது அவர் வாதம். காதுதான் நீதிபதி என்று இத்தனை நாள் எழுதிவிட்டு அவரை எப்படி மறுப்பது? அவர் விரும்பியபடியே அச்சிட்டுக் கொடுத்தோம். 1100 என்ற எண்ணுக்கு என்ன போடுவது என்று கேட்டவருக்கும் அதே பதில்: ‘இலெவன் ஹண்ட்ரட்’ என்று வாசிப்பீர்களானால் ‘ஆன்’, ‘ஒன் தவுசண்ட் ஒன் ஹண்ட்ரட்’ என்று வாசிப்பீர்களானால் ‘எ’. எழுதியவரிடம் கேட்க முடியாவிட்டால், நான் வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றி ஆர்ட்டிகிள் தேவைப்படாமல் செய்துவிடுவேன்.